பின்தொட்டியில் பாரம்

வண்டி வழுக்கவில்லை. அதுதான் இல்மாவுக்கு முதலில் உறுத்தியது.

மரப்பாலத்தைத் தாண்டியதும் சாலை இடப்பக்கம் சட்டென்று மடங்கும். பனி விழுந்த நாளில் அவளுடைய பிக்கப் வண்டி அந்த வளைவை ஒழுங்காகக் கடந்ததாகச் சரித்திரமே கிடையாது. முன்பக்கம் இஞ்சின் கனத்தில் அழுந்தி நிற்கும். பின்தொட்டி காலியாகக் காகிதம்போலக் கிடக்கும். வண்டியை இழுப்பதோ பின் சக்கரங்கள் இரண்டும்தான். எவ்வளவு மெதுவாகத் திருப்பினாலும் பின்பக்கம் தன் இஷ்டத்துக்கு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நேராகும். ஊரில் எல்லாருமே அதற்காகத்தான் நவம்பர் பிறந்ததும் பின் அச்சுக்கு மேலே நாலைந்து மணல் மூட்டைகளைப் போட்டு, ஏப்ரலில்தான் இறக்குவார்கள்.

இன்று இல்மாவின் தொட்டியில் ஒரு மூட்டைகூட இல்லை.

போன வாரம் விறகு ஏற்றுவதற்காக ஐந்து மூட்டைகளையும் இறக்கி, கார் கொட்டகை ஓரம் போட்டிருந்தாள். நாளைக்கு ஏற்றலாம், நாளைக்கு ஏற்றலாம் என்று நாலு நாள் போனது. இன்று மதியம் மின்சாரம் போனதும் ஓடிப்போய் இழுத்தால், மூட்டைகள் ஈரம் உறைந்து தரையோடு ஒட்டிக்கிடந்தன. கடப்பாரையால் நெம்பிப் பார்த்தாள். சாக்கு கிழிந்ததே தவிர மூட்டை அசையவில்லை. வீட்டுக்குள் அவள் கணவர் ஆர்னேயின் ஆக்சிஜன் மெஷின் நின்றுபோயிருந்தது. கைவசம் இருந்த ஒரே சிறு சிலிண்டர் மாலை ஆறரை வரைதான் தாங்கும். ஆம்புலன்ஸ்காரர்கள் நெடுஞ்சாலை திறந்தால்தான் வர முடியும், எட்டு மணியாகலாம் என்று கைவிரித்துவிட்டார்கள். அவள் சிலிண்டர் வாங்கிவர ஊருக்குக் காலி வண்டியோடு கிளம்பிவிட்டாள்.

இப்போது இரண்டு சிலிண்டர்கள் அவள் பக்கத்து இருக்கையில் பெல்ட் கட்டிக்கொண்டு, ஒழுக்கமான பிள்ளைகள்போல உட்கார்ந்திருந்தன. மணி ஐந்து. வானம் ஈயத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஏரியிலிருந்து வந்த காற்று பனியைக் குறுக்கே இழுத்து, கண்ணாடியில் மாவு சலிப்பதுபோல ஓயாமல் சலித்துக்கொண்டிருந்தது. சாலையில் ஒரு சாண் உயரத்துக்குப் புதுப்பனி. அதன்மேல் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல நேராகப் போய்க்கொண்டிருந்தது.

வேண்டுமென்றே ஸ்டியரிங்கை லேசாக வெட்டிப் பார்த்தாள். பின்பக்கம் அசையவில்லை. கனமாக, பணிவாக, பின்னாலேயே வந்தது.

முகப்பு விளக்கிலும் ஏதோ கோளாறு. வெளிச்சம் சாலையில் விழாமல் மேலே தூக்கிக்கொண்டு மரங்களின் நடுத்தண்டில் விழுந்தது. பின்தொட்டியில் பாரம் ஏறி, மூக்கு நிமிர்ந்த வண்டியின் விளக்கு அப்படித்தான் அடிக்கும்.

டோரீனின் பெட்ரோல் பங்க் வந்தபோது இல்மா பெருமூச்சு விட்டாள். டோரீன் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். அறுபது வயது, ஆண்களின் பூட்ஸ், வாயில் எப்போதும் ஒரு கிண்டல்.

"ஏண்டி இல்மா, மணலு வாங்கினியா இல்ல கடக்கரையவே அள்ளிட்டு வந்தியா? பின்னாடி தரைய தொடுதுடி வண்டி!"

"மூட்டையே போடல டோரீன்."

"அட போடி. கண்ணு எனக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

இருவரும் சுற்றிவந்து பார்த்தார்கள். தொட்டியில் பனி படுக்கை விரித்ததுபோலச் சீராக நிறைந்திருந்தது. ஒரே ஓர் இடத்தைத் தவிர. பின் சக்கர மேட்டின்மேல், ஓட்டுநர் அறையின் பின் கண்ணாடிக்குக் கீழே, பனி விழவே இல்லை. இரும்பு வெறுமையாக, ஈரமில்லாமல் தெரிந்தது. அகலமான ஒரு பள்ளம். அதற்கு முன்னால் இரண்டு சிறு குழிகள், குதிகால் ஊன்றிய மாதிரி.

"சைலன்சர் சூடு பட்டு உருகியிருக்கும்," என்றாள் இல்மா. தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

டோரீன் கடைக் கதவை நோக்கி நடந்தாள். சைலன்சர் எதிர்ப்பக்கம் இருப்பது அவளுக்கும் தெரியும்.

உள்ளே காபியும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. கல்லாவுக்குப் பக்கத்தில் சூடுபெட்டியில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த பாஸ்டிகள். டோரீன் இரண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள்.

"ஆர்னேக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. உன் தம்பி இருந்திருந்தா மூணு கட்ட சொல்லுவான், நாலாவத நின்ன எடத்துலயே தின்னுடுவான். வர்ற வெள்ளியோட ஒரு வருஷம் ஆகுது, இல்ல? பாவம் வெய்னோ."

இல்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடையின் தொலைபேசியை எடுத்து வீட்டுக்குச் சுழற்றினாள். பழைய கம்பித் தொலைபேசி. மின்சாரம் போனாலும் அடிக்கும். ஆறேழு முறை மணி அடித்த பிறகுதான் ஆர்னே எடுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சின் இழுப்பு.

"என்ன விளையாட்டு இது... உள்ள வராம எங்கருந்து போன்ல பேசிட்டிருக்க?"

"நான் டோரீன் கடைல இருக்கேன் ஆர்னே. இன்னும் ஒம்பது மைல் இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்ப... ஜன்னல்ல தட்டினது யாரு?"

"என்ன தட்டு?"

"ரெண்டு தட்டு. இப்பதான். நம்ம வெய்னோ தட்டுவான்ல... அதே மாதிரி. நீதான் கேலி பண்றேன்னு நெனச்சேன்."

"ஆர்னே, நான் சொல்றத கேளு. நாற்காலிய விட்டு எந்திரிக்காத. யாரு தட்டினாலும் கதவ தெறக்காத. கேக்குதா?"

"எந்திரிச்சு நான் எங்க போக... பத்தடி நடந்தா பதினோராவது அடிக்கு என்ன தூக்கிட்டுத்தான் போகணும்." சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. "சீக்கிரம் வா. சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துருச்சு."

இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

*

கடையின் விளக்கு பின்னால் தேய்ந்து மறைந்த பிறகு சாலையில் அவளைத் தவிர யாரும் இல்லை. இரண்டு பக்கமும் பனி தள்ளும் வண்டி ஒதுக்கிவைத்த வெள்ளைச் சுவர்கள், ஆள் உயரத்துக்கு. வெளிச்சம் மேலேயே தொங்கிக்கொண்டிருந்ததால் எதிரே சாலை இருட்டாகவும், மேலே மரக்கிளைகள் பட்டப்பகல்போலவும் தெரிந்தன. பின்னால், ஸ்பிரிங் பட்டைகள் முனகும் சத்தம். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அந்த முனகல் வந்தது. காலி வண்டியின் பட்டைகள் முனகாது. கடகடவென்று குதிக்கும்.

எப்போதிலிருந்து?

அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. ஆனால் நினைவு தானாகவே போனது. மதியம், வீட்டுக்குக் கீழே இருக்கும் சாலோ மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டி தறிகெட்டு ஆடியது. மேட்டின் பாதியில், தபால் பெட்டிகள் வரிசையாக நிற்குமே, அந்த இடத்தில் குறுக்காகத் திரும்பி நின்றேவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்போது பின்பக்கம் லேசாக ஒரு தரம் அமுங்கியது. பனிக்கட்டி உடைந்திருக்கும் என்று நினைத்தாள். அதற்கப்புறம் ஊர் போய்ச் சேரும்வரை வண்டி ஆடவே இல்லை. சாலையை நன்றாகத் தள்ளியிருக்கிறார்கள் என்றுதான் அப்போது எண்ணினாள்.

தபால் பெட்டிகள். அந்த இடம்தான்.

போன ஜனவரியிலும் இதே வண்டி. அன்றும் மணல் மூட்டை இல்லை. மேட்டடியில் சக்கரம் சுற்றுகிறதே தவிர வண்டி ஏறமாட்டேன் என்றது. வெய்னோ கதவைத் திறந்து இறங்கி, பின்தொட்டியில் ஏறி, அச்சுக்கு மேலே சப்பணம் போட்டு உட்கார்ந்தான். நூற்றுப்பத்து கிலோ.

"நான்தான்க்கா உன் மணல் மூட்ட. ஓட்டு!"

அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். சிக்கிய வண்டியில் கனத்த ஆள் ஒருவர் பின்னால் ஏறி உட்கார்ந்தால் சக்கரம் பிடித்துவிடும். அக்கா தம்பிக்குள் சின்ன வயதிலிருந்தே ஒரு கணக்கு உண்டு. விறகு வண்டியில் அப்பா பழக்கியது. கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினால் கிளம்பு. இரண்டு தட்டு தட்டினால் நிறுத்து.

ஒரு தட்டு கேட்டது. கிளம்பினாள். வண்டி ஏறியது. மேட்டில் ஏறும்போது நடுவில் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் பிறகு பின்னோக்கிச் சறுக்கத்தான் முடியும். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இரண்டு தட்டு கேட்டது.

அவள் நிறுத்தவில்லை.

குளிருகிறது என்பான், இல்லாவிட்டால் தொப்பி பறந்துவிட்டது என்பான், உச்சிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்துக்கொண்டே போனாள். மறுபடி இரண்டு தட்டு. மறுபடியும். பிறகு கேட்கவில்லை. உச்சியில் பனி தள்ளும் வண்டி ஒன்று எதிரே வந்து, அவளுக்குக் கை காட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனது. அவள் நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது தொட்டியில் யாரும் இல்லை.

மறுநாள் காலையில்தான் அவனைத் தோண்டி எடுத்தார்கள். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், பனி தள்ளும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன வெள்ளைச் சுவருக்குள்ளே. எதையோ தட்டுவதற்குத் தூக்கியதுபோல வலது கை மடங்கியிருந்தது.

ஏதாவது சத்தம் கேட்டதா அம்மா என்று விசாரித்த ஷெரீப்பிடம் அவள் இல்லை என்றாள். ஆர்னேயிடமும் இல்லை என்றாள். இந்த ஒரு வருடத்தில் அந்தப் பொய்யை அவள் மாற்றவே இல்லை.

*

சாலோ மேடு.

மணி ஐந்து நாற்பது. மேட்டடியில் ஒரு கணம் காலைத் தளர்த்திப் பிறகு சீராக மிதித்தாள். மணல் இல்லாத வண்டி இந்த ஏற்றத்தில் இருபது அடிகூடத் தாண்டக் கூடாது. ஏறியது. சக்கரங்கள் பனியை அழுத்திப் பிடித்து, கருக் கருக்கென்று மென்றுகொண்டு ஏறின. இஞ்சின் தாழ்ந்த குரலில் உறுமியது. ஹீட்டர் காற்றில் பாஸ்டியின் வெங்காய வாசனை. அதன் அடியில் இன்னொரு வாசனை மெல்லக் கிளம்பியது. நனைந்த கம்பளி. வெய்னோவின் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, அடுப்படியில் காயப்போடும்போது வருமே, அந்த வாசனை.

உள்கண்ணாடியைப் பார்க்காதே. சாலையைப் பார்.

சாலை தெரியவில்லை. கிளைகள்தான் தெரிந்தன.

"வெய்னோ," என்றாள் சன்னமாக. "ஆர்னேக்கு மூச்சு விட முடியல. என்ன மேல போக விடு. உன் கால்ல விழறேன்டா."

பின்னால் ஏதோ நகர்ந்தது. கனமான ஏதோ. ஓரத்திலிருந்து அவள் பக்கமாக வந்தது. வண்டியும் அதற்கேற்ப மெதுவாகச் சாய்ந்து நிமிர்ந்தது. இப்போது அது அவள் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தது. நடுவில் ஒரு கண்ணாடி.

வலப்பக்கம், முதல் தபால் பெட்டி.

டக். டக்.

அவள் கால் மிதித்தபடியே இருந்தது. நிறுத்தினால் ஏற முடியாது. நிறுத்தாவிட்டால்? போன வருடம் நிறுத்தவில்லை. ஆறரை மணி. சிவப்பு முள். மேலே வீடு, நானூறு அடிதான். நிறுத்தினாலும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம்.

டக். டக்.

கண்ணாடி விரிசல் விட்டது. அந்தச் சத்தம் அவள் பிடரியில் குளிராக இறங்கியது.

டக்.

இரண்டாவது தட்டு விழுவதற்குள் அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள்.

"நிறுத்திட்டேன்!" கத்தினாள். "நிறுத்திட்டேன் வெய்னோ! அன்னிக்கே கேட்டுச்சுடா. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான் நிறுத்தல."

ஒரு வருடம் தொண்டையில் கிடந்த சொல். சொல்லி முடித்ததும் எல்லாம் அமைதியானது. காற்றுகூட நின்றது. கடைசித் தபால் பெட்டியின் சிறிய கதவு மட்டும் திறந்து மூடி, திறந்து மூடி ஆடிக்கொண்டிருந்தது.

வண்டி சறுக்கவில்லை. இந்தச் சரிவில் நின்றால் சறுக்கியே தீர வேண்டும்.

இறங்கப் போகிறான் என்று நினைத்தாள். பின்பக்கம் இலேசாகும், விளக்கு தாழும், சாலை தெரியும், அவன் போய்விடுவான். காத்திருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பின்பக்கம் இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

ஸ்பிரிங் பட்டைகள் முனகின. தொட்டியின் பின்கதவில் ஏதோ உரசியது. ஒரு கால் மேலே. இன்னொரு கால் மேலே. விளக்கு வெளிச்சம் கிளைகளையும் விட்டு வெற்று வானத்துக்குப் போனது.

டக்.

ஒரே தட்டு.

கிளம்பு.

அவள் மிதித்தாள். வண்டி அந்த மேட்டில் ஒருநாளும் ஏறாத மாதிரி ஏறியது. ஒரு வழுக்கல் இல்லை. ஒரு சுற்று வீணாகவில்லை. உச்சி. வளைவு. கார் கொட்டகை. கிழிந்த சாக்கோடு உறைந்து கிடக்கும் ஐந்து மூட்டைகள். வீடு.

ஐந்து ஐம்பத்தைந்து. இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.

ஒரு சிலிண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. "ஆர்னே! வந்துட்டேன்!"

வாசல் கதவு அகலத் திறந்திருந்தது.

பனி கூடத்துக்குள் வந்து கம்பளத்தின்மேல் மெல்லிய படலமாக விழுந்திருந்தது. மேசையில் மெழுகுவத்தி அணைந்து புகைந்தது. நாற்காலி காலி. போர்வை அழகாக நாலாக மடித்து அதன்மேல் வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சிறு சிலிண்டர், முள் சிவப்பின் ஓரத்தில். அதிலிருந்து மூக்குக்குப் போகும் குழாயைக் காணோம்.

"ஆர்னே?"

கொக்கியிலிருந்து டார்ச்சை எடுத்தாள். படியில் வெளிச்சம் அடித்தாள்.

வீட்டுச் செருப்பின் தடம். படியிலிருந்து முற்றம். முற்றத்திலிருந்து சாலை. ஒற்றை வரிசை. பத்தடி நடக்க முடியாத மனிதரின் தடங்கள், இளைஞன் வைப்பதுபோல நீளமான எட்டுகளாக, மூச்சு வாங்க நின்ற சுவடு எங்கும் இல்லாமல், நேராக மேட்டுச் சரிவை நோக்கி இறங்கின. வளைவுவரை போய்ப் பார்த்தாள். அவளுடைய வண்டிச் சக்கரத் தடத்துக்குப் பக்கத்திலேயே கீழே, இன்னும் கீழே, தபால் பெட்டிகள் இருக்கும் திசைக்குப் போய்க்கொண்டே இருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

இந்தச் சாலை வழியாகத்தானே அவள் இப்போது ஏறி வந்தாள். வெளிச்சம் மட்டும் கீழே விழுந்திருந்தால் பார்த்திருப்பாள்.

அவள் திரும்பி வண்டியருகே வந்தாள். வேண்டாம் என்று உடம்பு முழுவதும் சொன்னது. கை மட்டும் டார்ச்சை உயர்த்தியது.

தொட்டியில் சீரான பனி. பின் கண்ணாடிக்குக் கீழே அகலமான பள்ளம், இரும்பு தெரிய. அதன் எதிரே, இன்னொரு சக்கர மேட்டின்மேல், புதிதாக இன்னொரு பள்ளம். ஒடுங்கியது. நோயாளி ஒருவர் உட்காரும் அளவு. இரண்டுக்கும் நடுவே, அச்சுக்கு நேர் மேலே, பனியை யாரோ கையால் ஒதுக்கி ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஒடுங்கிய பள்ளத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் பின்கதவின்மேல் வழிந்து தொங்கியது. அவள் நெஞ்சோடு அணைத்திருந்த சிலிண்டரை நோக்கி அதன் முனை ஆடியது. குழாயின் உள்பக்கம் ஆவியால் மங்கியது. தெளிந்தது. மங்கியது. தெளிந்தது.

வண்டிக்குள் இஞ்சின் தானாக உறுமியது.

டக்.